நாங்கள் காணாத நீலம்

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் நிஷாந்தினி என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார். நான் ஓய்வுபெறுவதற்கு முன் என்னோடு இரண்டு வருடம் வேலை பழகிய பிள்ளை. யுத்த காலத்தில் மின்சாரமும் இரசாயனப் பொருட்களும் இல்லாமல் ஆய்வுகூடத்தை எப்படி நடத்தினீர்கள் என்று இப்போது வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு எழுதித் தரட்டாம். எப்படியோ நடத்தினோம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவர் எதிர்பார்ப்பது கஷ்டப்பட்டு வென்ற கதை. என்னிடம் அப்படி ஒன்று இல்லை. இருக்கிற கதையைச் சொல்லப் போனால் எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளாது. இந்தப் பந்தியை எழுதி முடிப்பதற்குள் மூன்று தரம் எழும்பி முற்றத்துக்குப் போய்வந்துவிட்டேன்.

நான் மண்டூர்க்காரன். சின்ன வயதிலிருந்தே அவசரக்காரன். வயல் வட்டையில் விதைத்த மறுநாளே முளைத்துவிட்டதா என்று மண்ணைக் கிண்டிப் பார்த்து அப்பாவிடம் அடி வாங்கியவன். ஏ.எல். உயர்தரம் படித்து, தொழில்நுட்ப உதவியாளர் பரீட்சை எழுதி, கண்டியில் ஒன்பது மாதம் பயிற்சி எடுத்தேன். அங்கே பழகிய கருவிகளில் பாதி மட்டக்களப்பில் இல்லை. மற்றப் பாதிக்கு மின்சாரம் இல்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

எங்கள் ஆய்வுகூடம் வாவிக்கரையோரம் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள். கச்சான் என்கிற நிலக்கடலை, சோளன், கொப்பரை எல்லாம் அங்கே வரும். எதற்கென்றால், அவற்றில் பச்சையாகப் படிகிற ஒரு பூஞ்சணம் இருக்கிறது. அது அஃபிளடொக்சின் என்ற நஞ்சைச் செய்யும். தின்ற அன்று ஒன்றும் தெரியாது. வருடக்கணக்காக ஈரலை அரிக்கும். சிறு பிள்ளைகளை வளரவிடாது. வறுத்தாலும் அவித்தாலும் முழுதாகப் போகாது. இதில் பெரிய கரைச்சல் என்னவென்றால், அந்தப் பூஞ்சணம் எல்லாமே நஞ்சு செய்வதில்லை. ஒரே வரம்போரத்து மண்ணில் நஞ்சு செய்கிறதும் செய்யாததும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஏன் அப்படி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் எங்கள் வேலை.

எங்கள் மேலதிகாரி மிஸ் பல்தசார். மட்டக்களப்புப் பறங்கிக் குடும்பத்தவர். கவுனும் சப்பாத்துமாகச் சைக்கிளில் வந்து இறங்குவார். வாயைத் திறந்தால் எங்களை விட நல்ல மட்டக்களப்புத் தமிழ் வரும். சத்தம் போட்டு ஏசி நான் கேட்டதில்லை. பிழை விட்டால் நம்முடைய பெயரை முழுதாகச் சொல்லிவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். "நினைக்கிறன்" என்ற சொல் அவருக்கு ஆகாது. நினைப்பதற்கு இங்கே யாருக்கும் சம்பளம் இல்லை, கண்டதைச் சொல்லும் என்பார்.

கண்டதைச் சொல்வதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். இருட்டறைக்கு இடம் இல்லாததால் ஒரு பழைய இரும்பு அலுமாரியின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே கறுப்புக் குடைத்துணி ஒட்டி, ஒரு ஸ்டூல் போட்டிருந்தோம். உழவு மெஷின் பற்றறியில் எரிகிற சின்னக் கழியூதா, அதாவது புற ஊதா, விளக்கு ஒன்று உள்ளே தொங்கும். முதலில் நான் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். கண் இருட்டுக்குப் பழக இருநூறு எண்ண வேண்டும். நான் எண்பதில் விளக்கைப் போடப் பார்ப்பேன். வெளியில் மிஸ்ஸும் எண்ணிக்கொண்டிருப்பார், சுவிட்ச் சத்தம் கேட்டால் என் முழுப் பெயர் வரும். பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு துண்டில் எழுதி மடித்து மேசையில் வைக்க வேண்டும். பிறகு அவர் உள்ளே போவார், வருவார், எழுதுவார். இரண்டு துண்டையும் விரித்து ஒத்திருந்தால்தான் அறிக்கை. ஒருவர் முகத்தைப் பார்த்து மற்றவர் எழுதிவிடக்கூடாது என்பதற்காக எழுதும்போது யன்னல் பக்கம் திரும்பி நிற்கவும் சொல்வார்.

உள்ளே பார்ப்பது மூன்று கிண்ணங்களை. தேங்காய்ப்பூவைச் சுடுநீரில் பிழிந்து வடித்து, ஏகார் என்ற உறைபொருளோடு காய்ச்சி, சமையல் பிரஷர் குக்கரில் அவித்து ஊற்றினால் கிண்ணத்தில் உறைந்து நிற்கும். அதில் பூஞ்சணத்தை வைத்தால் நாலைந்து நாளில் படரும். நஞ்சு செய்கிற ஆள் என்றால், கிண்ணத்தைக் கவிழ்த்து அந்த விளக்கில் பார்க்க அடிப்பக்கம் நீலமாக ஒளிரும். ஏகார் முடிந்துபோய்க் கொழும்பிலிருந்து வராமல் விட்ட காலத்தில், காத்தான்குடியில் நோன்புக்கு விற்கிற கடற்பாசியை வாங்கிக் காய்ச்சினோம். நான் மாதாமாதம் போய் வாங்குவதைப் பார்த்த கடை முதலாளி, உங்கட கந்தோரில வருசம் முழுக்க நோன்பா என்று கேட்டார். கடற்பாசியும் நன்றாகத்தான் உறைந்தது.

மூன்றில் ஒன்று ஒன்றும் வைக்காத வெறுங்கிண்ணம். ஒன்று சோதனைக்கு வந்த மாதிரி. மூன்றாவதில், நஞ்சு செய்வான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பூஞ்சணம். அவன் ஒளிர்ந்தால்தான் கிண்ணமும் விளக்கும் சரியாக வேலை செய்கின்றன என்று அர்த்தம். அவன் ஒளிராவிட்டால் அன்றைய சோதனை செல்லாது. கூத்தில் அண்ணாவியார் எடுத்துக் கொடுத்த பிறகுதானே மற்றவர்கள் பாடுவார்கள், அதனால் நான் அவனுக்கு அண்ணாவியார் என்று பெயர் வைத்தேன். மிஸ்ஸும் அறிக்கைப் புத்தகம் தவிர்ந்த எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்வார்.

அண்ணாவியாரை உயிரோடு வைத்திருப்பது என் பொறுப்பு. பழைய குழாயிலிருந்து கொஞ்சம் கிள்ளிப் புதிய குழாயில் நட வேண்டும். ஆறு தரம் நட்டதும் குளிரூட்டியில் இருக்கிற மூலக் குழாய்க்குத் திரும்ப வேண்டும் என்பது மிஸ்ஸின் கட்டளை. மின்சாரம் மாதக்கணக்காக நின்றபோது மூலக் குழாய் கெட்டுப்போனது. அதன் பிறகு வெக்கையில் காய்ந்துவிடாமல் பத்து நாளுக்கு ஒரு தரம் கிள்ளி நட்டுக்கொண்டே போனேன். எப்போதும் ஆக வேகமாகப் படர்கிற ஓரத்தையே கிள்ளினேன். சீக்கிரம் வளருமே என்ற அவசரம். இப்படி மூன்று வருடத்துக்கு மேல் போனது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மாரி முடிந்த நேரம் பூரணம் வந்தார். கதிரவெளிப் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, ஒரு மகள். அங்கே முப்பத்திரண்டு சாக்குக் கச்சான் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அடுக்கிக் கிடந்தது. பாதை பூட்டியதால் விற்க முடியாமல் மழை ஈரத்தில் மாதக்கணக்காக இருந்துவிட்டது. இடம்பெயர்ந்து வந்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதை அரைத்துச் சோளனோடு சேர்த்துச் சத்துமா செய்வதாகப் பெண்கள் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். மில்லும் சீனியும் தருவதாகச் சொன்ன நிவாரணக்காரர்கள், கச்சான் நல்லது என்று எங்களிடம் கடிதம் கேட்டார்கள். கெட்டது என்றால் முப்பத்திரண்டு சாக்கும் எரிக்கப்படும். பிள்ளைகளுக்கு வேறு ஒன்றும் கிடையாது.

சட்டப்படி பல சாக்குகளிலிருந்து மேல், நடு, அடி என்று எடுத்த மாதிரி வேண்டும். பூரணம் ஒரே ஒரு சாக்கிலிருந்து ஒரு பை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நடந்தும், வள்ளத்திலும், பஸ்ஸிலும் வந்த வழியில் மூன்று சோதனைச்சாவடியில் அதைக் கொட்டி அள்ளியிருக்கிறார். இன்னொரு தரம் போய்வரச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. நஞ்சையே பிரித்தெடுத்துப் பார்க்கும் நேரடிச் சோதனைக்கு வேண்டிய குளோரோஃபோம் அனுமதி இல்லாமல் கொழும்பில் கிடந்தது. கிண்ணம்தான் ஒரே வழி. ஐந்து நாள் ஆகும் என்றேன். பூரணம் ஊர் திரும்பவில்லை. நகரத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, தினமும் காலையில் வந்து வாசல் வாங்குப் பலகையில் இருப்பார். நான் தாண்டிப் போகும்போதெல்லாம் எழும்பி நிற்பார். அது எனக்குத் தாங்கவில்லை. எழும்ப வேண்டாம் தங்கச்சி என்று சொன்னாலும் எழும்புவார்.

ஐந்தாம் நாள் முற்பகல் அலுமாரிக்குள் போனேன். இருநூறு எண்ணி விளக்கைப் போட்டேன். வெறுங்கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. கச்சான் பூஞ்சணத்தில் ஒன்றும் இல்லை. அண்ணாவியாரைக் கவிழ்த்தேன். அவரிலும் ஒன்றும் இல்லை. கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், விளக்கை முட்டும் வரை பிடித்தேன். அதே மங்கல்தான். கடற்பாசியில் பிழையா, விளக்கிலா, மூன்று வருடமாக நான் கிள்ளி நட்டதிலா? எதுவாக இருந்தாலும் சோதனை செல்லாது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் மறுபடி தொடங்க வேறொரு அண்ணாவியார் இந்த மாவட்டத்திலேயே இல்லை. வெளியே வந்தேன். யன்னல் பக்கம் திரும்பினால் வாங்கில் பூரணம். துண்டில் எழுதினேன்: அண்ணாவியார் நீலம், மாதிரி இல்லை, வெறுங்கிண்ணம் இல்லை. இரக்கத்தால் எழுதினேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மை அது மட்டுமல்ல. அண்ணாவியாரைக் கெடுத்தவன் நான் என்று மிஸ் கண்டுபிடித்துவிடுவாரே என்ற வெட்கமும், இது எப்படியாவது இன்றைக்கு முடிந்தால் போதும் என்ற அவசரமும் சேர்ந்துதான் எழுதியது.

மிஸ் உள்ளே போனார். அவர் வந்து உள்ளதை எழுதுவார், துண்டுகள் ஒவ்வாது, நான் பிடிபடுவேன் என்று நின்றேன். பிடிபட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் இருந்தது. அவர் நீண்ட நேரம் எடுத்து வெளியே வந்து எழுதி மடித்தார். விரித்தோம். அவருடைய துண்டிலும் அண்ணாவியார் நீலம் என்றிருந்தது. அப்படியென்றால் என் கண்ணில்தான் பிழையோ என்று மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் திரும்ப உள்ளே போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அதற்குள் கடிதம் கையொப்பமாகிப் பூரணத்தின் கையில் இருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "ஐயா, இந்தப் புண்ணியம் உங்கட பிள்ளையளுக்குச் சேரும்" என்றார். எனக்கு அப்போது பிள்ளைகள் இல்லை.

அன்றைக்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாமல் போனது. அந்த இரண்டு பூஞ்சணத்தையும் கழுவிச் சுட்ட மணலில் கலந்து காயவைத்து, கண்ணாடிக் குழாய்களில் அடைத்து மெழுகு வைத்து, ஒரு பால்மாத் தகரப் பேணிக்குள் போட்டு வைத்தேன். எதற்கென்று கேட்டால் அப்போது எனக்கே பதில் தெரிந்திராது. அந்த வருடத்தில் இரண்டு தரம் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக்கொண்டு கதிரவெளிக்குப் போனேன். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கீழ் இமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த நஞ்சு ஒரு வருடத்தில் கண்ணில் தெரிகிற சாமான் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். பூரணம் மற்றவர்களிடம், இந்த ஐயா நம்மட பிள்ளையளப் பார்க்கவெண்டே வாறவர் என்று பெருமையாகச் சொன்னார். மூன்றாம் தரம் போக எனக்கு முகம் இருக்கவில்லை. பிறகு அந்தக் குடும்பங்களும் ஓரோர் இடமாகச் சிதறிப் போயின.

மிஸ்ஸிடம் நான் கேட்கவே இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் அவர் ஓய்வெடுத்துக்கொண்டு அவுஸ்திரேலியாவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அண்ணாவியாருக்குப் பதில் கண்டியிலிருந்து வேறொரு பூஞ்சணக் குழாய் வந்தது. நானும் ஒழுங்காக வேலை செய்து ஓய்வுபெற்றேன்.

சில வருடத்துக்கு முன் எங்கள் பழைய ஆய்வுகூடக் களஞ்சியத்தைத் துப்புரவாக்கிய நிஷாந்தினி அந்தப் பேணியைக் கண்டெடுத்து, சேர், இந்த மணல் அடைத்த குழாய்கள் என்ன என்று கேட்டார். சோதித்துப் பாரும் என்று மட்டும் சொன்னேன். அவர் இரண்டின் பரம்பரையலகுகளையும், அதாவது மரபணுக்களையும், வெளிநாட்டில் கொடுத்து வாசித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கடதாசியில் கோடு கீறி விளங்கப்படுத்தினார். நஞ்சு செய்யத் தேவையான அலகுகள் இருபதுக்கு மேல். அவை கண்டபடி சிதறி இல்லை, குரோமோசோம் என்கிற நிறமூர்த்தத்தின் ஒரு நுனிக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கையில் வீடுகள் மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. சேர்ந்து இருப்பதால் சேர்ந்தே வேலை தொடங்கும், பிள்ளைக்குச் சேர்ந்தே போகும். வேறொரு வகைப் பூஞ்சணத்தில் இதற்கு உறவான ஒரு வரிசை அப்படியே இனம் விட்டு இனம் தாவியிருப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். ஆனால் நுனி என்பது முகத்துவாரத்துக் கரை மாதிரி, இடிந்தால் எல்லா வீடும் ஒன்றாகப் போகும். பூச்சிகள் அரிக்கிற இடத்தில் நஞ்சு உள்ளவன் தப்புகிறான். பூச்சி குறைந்த இடத்தில் அது வீண் செலவு, இல்லாதவனும் பிழைத்துக்கொள்கிறான். அதனால்தான் ஒரே வட்டையில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். சோயா சோஸ் செய்ய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இதன் தாயாதி ஒருவனுக்கு வரிசை உடைந்தே போய்விட்டதாம்.

என் குழாய்கள் இரண்டிலும் எது எப்படி என்று கேட்டேன். கதிரவெளிக் கச்சான் பூஞ்சணத்தில் அந்த வரிசை அடியோடு இல்லை. நஞ்சு செய்யவே முடியாத ஆள். அண்ணாவியாரிடம் வரிசை முழுதாக இருக்கிறது, வேறிடத்தில் இருந்து அதைத் தொடக்கிவிடுகிற அலகு ஒன்றுதான் கெட்டிருக்கிறது. இலேசான சாப்பாடும், வேகமானவனையே தெரிந்தெடுக்கிற ஒரு கையும் இருந்தால் அப்படி நடக்கும் என்றார். பரிணாமம் என்றால் இலட்சக்கணக்கான வருடம் என்று படித்தவன் நான். என் கைக்கு மூன்று வருடம் போதுமாக இருந்திருக்கிறது.

அவர் போன பிறகு மிஸ்ஸின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடித்தேன். தொண்ணூறைத் தொடுகிற வயது, ஆனால் குரலில் தளர்ச்சி இல்லை. சுகம் விசாரித்து முடிந்ததும் அன்று அண்ணாவியாரில் எனக்கு நீலம் தெரியவில்லை, பொய் எழுதினேன் என்றேன்.

"எனக்கும் தெரியல்ல, சாமித்தம்பி" என்றார். "அந்த நேரம் எனக்குக் கண்ணில புரை. மாசக்கணக்கா நீலம் தெரியுதில்ல. சொன்னா ஆய்வுகூடத்தப் பூட்டிப்போடுவாங்க எண்டு பயம். உமக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு எழுதினன்."

அந்த மாதங்களில் துண்டுகள் ஒவ்வாதபோதெல்லாம் அவர் இன்னொரு தரம் அலுமாரிக்குள் போய்வந்து தன் துண்டைத் திருத்தியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கச்சான் பூஞ்சணத்தில் நஞ்சு வரிசையே இல்லையாம் மிஸ், நாங்கள் தப்பினோம் என்று ஆறுதலுக்குச் சொன்னேன்.

"அது ஒரு சாக்குத்தானே" என்றார். "மற்ற முப்பத்தொண்டும்?"

அதற்குப் பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த கிழமை கதிரவெளிக்கு பஸ் ஏறினேன். பூரணத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. தலை நரைத்துவிட்டது. மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சத்துமா தின்ற மற்றப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை என்றார். யார் எதனால் செத்தது என்று அந்தக் காலத்தில் யார் பார்த்தது என்றும் சொன்னார். நான் முழுவதையும் சொன்னேன். கிண்ணம், துண்டு, நீலம் என்று அவருக்கு விளங்குகிற மாதிரி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். கச்சான் நல்லதா கெட்டதா என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது, தெரியும் என்று கடிதம் தந்தோம் என்றேன்.

பூரணம் கோபப்படவில்லை. சிரித்தார்.

"அத எரிக்கச் சொல்லியிருந்தா எரிச்சிருப்பம் எண்டா நினைக்கிறீங்க ஐயா? பசியில கிடந்த புள்ளையள். ஒளிச்சு வெச்செண்டாலும் குடுத்திருப்பம்."

இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்தது சட்டென்று இறங்கியது போல இருந்தது. எப்படியும் தின்றிருப்பார்கள், என் கடிதத்தால் ஒன்றும் மாறவில்லை என்று எண்ணிக்கொண்டு, அவர் தந்த தேத்தண்ணீரை எடுத்தேன். பூரணம் சிரிப்பை நிறுத்தினார்.

"மறுகா இன்னொண்டு இருக்கு" என்றார். "தெரியா எண்டு நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா, நாங்க பொம்புளையள் கூடியிருந்து ஒவ்வொரு பருப்பாப் பாத்துப் பொறுக்கியிருப்பம். சூம்பினது, கறுத்தது, பூத்தது எல்லாத்தையும் எறிஞ்சிருப்பம். நேரம் இருந்திச்சி, கையும் இருந்திச்சி. நல்லது எண்டு கடிதம் தந்தீங்க. நாங்க பாக்காமக் கொட்டி அரைச்சம்."

ஒரு சாக்கில் இருக்கிற நஞ்சில் பெரும்பகுதி கைப்பிடியளவு கெட்ட பருப்பில்தான் இருக்கும், கையால் பொறுக்கினாலே அது போய்விடும். கிண்ணமும் விளக்கும் இல்லாதவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.